பிளக்கைச் செருகும் முன்: பழைய வாக்குவம் கிளீனர்களில் கோளாறு கண்டுபிடிக்கும் முறை

ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், உடைந்த பொம்மைகளுக்கும் கால் ஆடும் நாற்காலிகளுக்கும் நடுவே, 1930களின் வாக்குவம் கிளீனர் ஒன்று கண்ணில் படுகிறது. பேரம் பேசி ஐந்து பவுண்டுக்கு வாங்கியாகிவிட்டது. விற்றவர் "நன்றாக ஓடும்" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருப்பார். வீட்டுக்குள் நுழைந்ததும் கை தானாகவே சுவரில் இருக்கும் சாக்கெட்டைத் தேடும். எண்பது ஆண்டுகள் பிழைத்திருந்த மோட்டாரைக் கொல்வது அந்த ஐந்து நொடி ஆசைதான். நான் இரண்டு மோட்டார்களை அப்படிக் கொன்றிருக்கிறேன். முதலாவதை அறியாமை என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவதற்கு மன்னிப்பே கிடையாது.

நான் இருப்பது லண்டனின் மேற்குப் பகுதியில். ஈலிங் கனக துர்க்கை அம்மன் கோயிலுக்குப் போகிற வழியில், பெரிவேலில் நீண்ட வெள்ளைக் கட்டடம் ஒன்று வரும். 1933இல் ஹூவர் நிறுவனம் திறந்த வாக்குவம் கிளீனர் தொழிற்சாலை அது. இப்போது அடுக்கு வீடுகளும் சூப்பர் மார்க்கெட்டும் ஆகிவிட்டது. இந்தப் பக்கத்து வீடுகளின் மாடிப்படிக்கு அடியிலிருந்து பழைய இயந்திரங்கள் இன்னும் வெளியே வந்தபடி இருக்கின்றன. அவற்றைத் திறந்து பார்த்ததில் எனக்குத் தெரிந்த முதல் செய்தி இதுதான்: செத்திருப்பது பெரும்பாலும் மோட்டார் இல்லை, ரப்பர். வயரின் உறை ரப்பர், பெல்ட் ரப்பர், ஹோஸின் உள்சுவர் ரப்பர், மோட்டாரைத் தாங்கும் வளையமும் ரப்பர். செம்பும் இரும்பும் நமக்காகக் காத்திருக்கும். ரப்பர் காத்திருக்காது. ஆகவே எந்த அறிகுறி தெரிந்தாலும் முதலில் ரப்பரைச் சந்தேகப்படுங்கள், அடுத்து கார்பன் பிரஷ் (சுற்றும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டு), அதற்கடுத்து பேரிங். காயிலை, அதாவது செம்புக் கம்பிச் சுற்றை, கடைசியில் சந்தேகப்பட்டால் போதும்.

கீழே உள்ளவை 1920கள் முதல் 1960கள் வரையிலான பிரிட்டிஷ், அமெரிக்க இயந்திரங்களுக்குப் பொருந்தும். அவற்றில் இரண்டு குலங்கள் உண்டு. நிமிர்ந்து நிற்கும் வகையில் அழுக்கு முதலில் விசிறியின் வழியாகப் போய், பிறகு பைக்குள் விழும். உருளை வகையில் அழுக்கு முதலில் பையில் தங்கிவிடும். வடிகட்டிய காற்று மட்டும் விசிறியைக் கடந்து, மோட்டாரைக் குளிர்வித்து வெளியேறும். தரையில் சறுக்குக் கட்டைகள் மேல் இழுபடும் உருளையை எலக்ட்ரோலக்ஸ் 1921இல் மாடல் 5 என்று விற்றபோது இந்த இரண்டாவது குலம் வீடுகளுக்குள் பரவத் தொடங்கியது. உங்கள் கையில் இருப்பது எந்தக் குலம் என்று தெரிந்தாலே பாதிக் கோளாறு பிடிபட்டுவிடும்.

மின்சாரம் கொடுப்பதற்கு முன்

பையை வீட்டுக்குள் திறக்காதீர்கள். தோட்டத்துக்கோ பால்கனிக்கோ கொண்டுபோய், முகக்கவசம் போட்டுக்கொண்டு திறங்கள். அதில் இருப்பது யாரோ ஒருவருடைய 1950களின் தூசி. என்னென்ன கலந்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது.

அடுத்து வயர். துணி சுற்றிய வயர் பார்ப்பதற்கு அழகாகத்தான் இருக்கும். உள்ளே இருக்கும் ரப்பரைக் கைப்பிடிக்கு அருகே மெல்ல வளைத்துப் பாருங்கள். மொறுமொறுவென்று உதிர்ந்தால் அந்த வயரின் ஆயுள் முடிந்தது. துணி சுற்றிய புதிய வயர் இப்போதும் கிடைக்கிறது. பழைய தோற்றம் கெடாது. பழைய பிரிட்டிஷ் வயர்களில் சிவப்பு மின்னோட்டம் வரும் கம்பி, கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். இப்போதைய பழுப்பு, நீலம், பச்சை-மஞ்சளோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

பிறகு உடலில் பதித்திருக்கும் தகட்டைப் படியுங்கள். எத்தனை வோல்ட், ஏசியா டிசியா, எத்தனை வாட் எல்லாம் அதில் இருக்கும். இதற்குத் தனிப் பகுதியே கீழே வருகிறது.

அடுத்தது மெக்கர், காப்புத்தடையை அளக்கும் மீட்டர். பிளக்கின் இரண்டு முனைகளையும் சேர்த்துக் கட்டி, அதற்கும் உலோக உடலுக்கும் நடுவே 500 வோல்ட்டில் காப்புத்தடையை அளந்து பாருங்கள். ஸ்விட்ச் போட்ட நிலையில் இருக்க வேண்டும். எர்த் உள்ள இயந்திரத்துக்கு 1 மெகாஓமுக்கு மேல் வந்தால் அடுத்த படிக்குப் போகலாம். குறைவாக வந்தால் உடனே காயிலைப் பழிக்காதீர்கள். ஈரக் கொட்டகையில் இருபது வருடம் கிடந்த மோட்டார், வெதுவெதுப்பான அறையில் ஒரு வாரம் இருந்ததும் எண் ஏறிவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கடைசியாக சீரிஸ் பல்பு. இதில் ஒரு தவறான பழக்கம் பரவியிருக்கிறது. மோட்டாரோடு 60 வாட் பல்பைத் தொடராக மாட்டிப் பார்க்கிறார்கள். வாக்குவம் கிளீனர் மோட்டாருக்கு அது போதாது. நல்ல மோட்டாராக இருந்தாலும் ஷார்ட் ஆன மோட்டாராக இருந்தாலும் பல்பு ஏறக்குறைய முழுசாகவே எரியும், எதுவும் புரியாது. நான் வைத்திருப்பது 500 வாட் ஹாலஜன் விளக்கு. மோட்டார் நலமாக இருந்தால் விளக்கு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து, மோட்டார் வேகம் பிடிக்கப் பிடிக்க மங்கும். மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் மோட்டார் சிக்கியிருக்கிறது அல்லது ஷார்ட். எரியவே இல்லை என்றால் எங்கோ அறுந்திருக்கிறது. வேரியாக் இருப்பவர்கள் பாக்கியவான்கள். மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொள்ளலாம்.

அறிகுறி: எந்தச் சத்தமும் இல்லை

இந்த மோட்டார்கள் எல்லாம் ஒரே வளையமாகக் கோத்தவை. ஒரு ஃபீல்ட் காயில் (அசையாமல் நிற்கும் காயில்), ஒரு கார்பன் பிரஷ், ஆர்மேச்சர் (நடுவில் சுற்றும் பகுதி), இன்னொரு பிரஷ், இன்னொரு ஃபீல்ட் காயில். நடுவில் எங்கே அறுந்தாலும் முழு மௌனம். பிளக்கின் ஃபியூஸைப் பார்த்துவிட்டு, பிளக் முனைகளில் மல்டிமீட்டரை வைத்து, ஸ்விட்சைப் போட்டு அளந்து பாருங்கள். சில பத்து ஓம் காட்டினால் வளையம் முழுதாக இருக்கிறது. முடிவிலி காட்டினால் மீட்டரை எடுக்காமல் விசிறியைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். எண் வந்து வந்து போனால் குற்றவாளி கார்பன் பிரஷ்தான்: தேய்ந்து குட்டையாகியிருக்கும், அல்லது கூட்டுக்குள் கரித்தூசியால் ஒட்டிக்கொண்டிருக்கும். வயரை அசைக்கும்போது எண் வந்து போனால், கைப்பிடிக்குள் வயர் நுழையும் இடத்தில் உடைந்திருக்கிறது. பல வருடம் வீட்டுக்காரர்கள் வயரைப் பிடித்தே இயந்திரத்தை இழுத்திருப்பார்கள். இரண்டும் இல்லையென்றால் ஸ்விட்ச். பழைய ஸ்விட்சைத் திறப்பதற்கு முன் ஒரு பெரிய பாலித்தீன் பைக்குள் கையை விட்டுத் திறங்கள். உள்ளே இருக்கும் குட்டி ஸ்பிரிங் எந்த மூலைக்குப் பறக்கும் என்று சொல்ல முடியாது.

அறிகுறி: முனகுகிறது, சுற்றவில்லை

உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள். சுற்றாத மோட்டார் சில நொடிகளிலேயே தன்னைக் கருக்கிக்கொள்ளும்.

விசிறியைக் கையால் சுற்றிப் பாருங்கள். அறவே அசையவில்லை என்றால் விசிறி அறைக்குள் ஏதாவது மாட்டியிருக்கலாம். நிமிர்ந்த வகையில் அழுக்கு நேராக விசிறிக்குப் போவதால் ஊக்கு, நாணயம், பொத்தான் எல்லாம் அங்கேதான் சேரும். ஒரு முறை ஆறு பென்சு வெள்ளிக் காசு கிடைத்தது. கண்டுபிடிப்புகளில் அதுதான் இலாபகரமானது.

கஷ்டப்பட்டு அசைகிறது என்றால் பேரிங்கில் பழைய கிரீஸ் மெழுகாக இறுகியிருக்கிறது. பலவந்தமாகத் திருகாதீர்கள். பிரித்து, பழையதைக் கழுவி எடுத்து, புதிது வைக்க வேண்டும். தெரிந்தவர் ஒருவர் கொண்டுவந்த இயந்திரம் கோடையில் ஓடும், நவம்பர் வந்தால் முனகும். எனக்கு மூன்று வாரம் பிடிபடவில்லை. அவருடைய அம்மா எண்ணெய்த் துளையில் தேங்காய் எண்ணெய் விட்டிருக்கிறார். லண்டன் குளிரில் அது உள்ளே உறைந்துபோயிருந்தது. தையல் இயந்திரத்துக்கு விடும் எண்ணெயில் இரண்டு சொட்டு போதும். அதிகமானால் வழிந்து, பிரஷ் உரசும் செம்புப் பட்டை வளையமான கம்யூடேட்டருக்குப் போய்க் கரித்தூசியோடு சேர்ந்து பசையாகிவிடும்.

தடையில்லாமல் கையால் சுற்றுகிறது, ஆனாலும் ஃபியூஸ் போகிறது என்றால் அது காயில் சமாசாரம். அதற்குத் தீப்பொறிப் பகுதியைப் பாருங்கள்.

அறிகுறி: தொட்டால் 'சுர்' என்கிறது

விளையாட்டுக்கு இடமே இல்லாத அறிகுறி இது. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய உலோக உடல் இயந்திரங்கள் பலவற்றில் இரண்டே கம்பிகள், எர்த் கிடையாது. அந்தக் காலத்தில் பல வீடுகளில் சுவர் சாக்கெட்டே இல்லை. விளக்குப் பல்பைக் கழற்றிவிட்டு அந்த ஹோல்டரில்தான் கிளீனரை மாட்டினார்கள். அந்த ஹோல்டரில் எர்த்துக்கு எங்கே போவது?

மெக்கர் அளவு நன்றாக இருந்தும் சுர்ரென்றால், ரேடியோ இரைச்சலைத் தடுக்க வைத்த கெப்பாசிட்டரைத் தேடுங்கள். கைப்பிடிக்குள்ளோ மோட்டாருக்கு அருகிலோ, மெழுகில் தோய்த்த காகிதச் சுருள் போலவோ சின்ன உலோகக் குப்பி போலவோ இருக்கும். வயதான காகிதக் கெப்பாசிட்டர் கசியும். ஒரு முனை உடலோடு சேர்ந்திருந்தால் அந்தக் கசிவு உங்கள் கைக்கு வரும். பழையதை வெட்டி எடுங்கள். இரண்டு கம்பிகளுக்கு நடுவே இருந்ததற்கு எக்ஸ்2 வகையும், கம்பிக்கும் உடலுக்கும் நடுவே இருந்ததற்கு ஒய்2 வகையும் போடுங்கள். வேறு எதையும் அங்கே வைக்கக் கூடாது. குப்பியின் வெளித்தோற்றம் வேண்டுமென்றால், அதைக் குடைந்து புதியதை உள்ளே ஒளித்துவைக்கலாம்.

பிறகு மூன்று கம்பி வயர் போட்டு, வண்ணத்தைச் சுரண்டிய வெற்று உலோகத்தில் எர்த்தைத் திருகுங்கள். கைப்பிடிக் குழாய், மூடி, சக்கர அச்சு எல்லாவற்றுக்கும் எர்த் தொடர்பு இருக்கிறதா என்று தனித்தனியே அளந்து பாருங்கள். வண்ணம் பூசிய மூட்டுகளில் தொடர்பு அறுந்திருக்கும். 'மூலத்தன்மை கெட்டுவிடும்' என்று இதை மறுக்கும் சேகரிப்பாளர்கள் உண்டு. கண்ணாடி அலமாரிக்குள் வைப்பதானால் அவர்கள் சொல்வது சரி. ஓட்டிக் காட்டுவதானால் தவறு. எதுவானாலும், மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிடி வழியாக மட்டுமே ஓட்டுங்கள்.

அறிகுறி: தீப்பொறி பறக்கிறது

கார்பன் பிரஷ்ஷின் அடியில் ஊசிமுனை அளவு நீலப்பொறி இயல்பு. கம்யூடேட்டரைச் சுற்றி மஞ்சள் வளையமாகத் தீ ஓடினால் இயல்பில்லை. இரண்டுக்கும் நடுவே இருக்கும் எல்லா நிலைகளுக்கும் காரணங்கள் உண்டு, எளியதிலிருந்து தொடங்குங்கள்.

பிரஷ்ஷை வெளியே எடுப்பதற்கு முன் எந்தப் பக்கம், எந்த முகம் மேலே என்று குறித்துக்கொள்ளுங்கள். அதன் முகம் கம்யூடேட்டரின் வளைவுக்கு ஏற்பத் தேய்ந்திருக்கும். திருப்பி மாட்டினால் ஓரம் மட்டும் தொடும், பொறி கூடும். பிறகு ஸ்பிரிங்கை அழுத்திப் பாருங்கள். எப்போதாவது சூடேறியிருந்தால் விறைப்பை இழந்து தளர்ந்திருக்கும். புதிய பிரஷ் சரியான அளவில் கிடைக்காது என்று கவலை வேண்டாம். பெரிதாக ஒன்றை வாங்கி உப்புத்தாளில் தேய்த்து அளவுக்குக் கொண்டுவரலாம். கார்பன் மென்மையான பொருள். ஆனால் கூட்டுக்குள் தளர்ந்து ஆடவும் கூடாது, இறுகவும் கூடாது. பிறகு மெல்லிய உப்புத்தாளைச் சொரசொரப்பு வெளியே தெரியும்படி கம்யூடேட்டர் மேல் சுற்றி, பிரஷ்ஷை அதன் மேல் இறக்கி, ஆர்மேச்சரை முன்னும் பின்னும் அசைத்தால் பிரஷ்ஷின் முகம் வளைவு பிடிக்கும். தூசியை ஊதி எடுத்துவிட்டு, ஹாலஜன் விளக்குத் தொடரில் அரை மணி நேரம் ஓடவிடுங்கள்.

கம்யூடேட்டர் சாக்லேட் நிறத்தில் வழவழப்பாக இருந்தால் அதைத் தொடாதீர்கள். அது அழுக்கு இல்லை, நல்ல ஆரோக்கியத்தின் நிறம். செம்பு பளபளக்க வேண்டும் என்று தேய்த்துத் தள்ளுகிறவர்கள் பத்து வருடத் தேய்மானத்தைப் பத்து நிமிடத்தில் கொடுக்கிறார்கள். கறுத்து, வரி விழுந்திருந்தால் மட்டும் மெல்லிய உப்புத்தாளால் சுற்றித் தேயுங்கள். எமரித்தாள் வேண்டாம், அதன் துகள் செம்புப் பட்டைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு மின்சாரத்தைக் கடத்தக்கூடும். பட்டைகளுக்கு நடுவே இருக்கும் மைக்கா செம்பைவிட உயர்ந்து நின்றால் பிரஷ் துள்ளும். உடைந்த ரம்பத் துண்டால் அந்த மைக்காவைக் கொஞ்சம் கீழிறக்க வேண்டும். கண்ணும் பொறுமையும் கேட்கிற வேலை. மாலையில் உட்காராதீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் தீ வளையம் ஓடுகிறதா? அடுத்தடுத்த இரண்டு பட்டைகளுக்கு நடுவே மீட்டரை வைத்து முழுச் சுற்றும் அளந்து பாருங்கள். எல்லா இடத்திலும் ஒரே எண் வர வேண்டும். ஓர் இடத்தில் மட்டும் எண் எகிறினால் அங்கே காயில் அறுந்திருக்கிறது. அந்தப் பட்டையின் ஓரம் கருகிக் குழிந்திருப்பதைக் கண்ணாலேயே காணலாம். ஓர் இடத்தில் மட்டும் விழுந்தால் ஷார்ட். முனை பற்றவைத்த இடத்தில் அறுந்திருந்தால் ஈயம் வைத்துத் தப்பிக்கலாம். உள்ளே என்றால் காயில் கட்ட வேண்டும். கோயம்புத்தூரில் இப்படி ஒரு ஆர்மேச்சரைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தால், காயில் கட்டும் கடைக்கு வழி கேட்கவே தேவையிருக்காது. இங்கே அதற்கு ஆகும் கூலியில் இன்னும் நான்கு இயந்திரங்கள் வாங்கிவிடலாம். அதனால்தான் ஒரே மாடலில் இரண்டாவதாக ஒன்று மலிவாகக் கிடைத்தால், உதிரிக்கென்று வாங்கிப் போட்டுவிடுகிறேன். வீட்டில் இதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள்.

அறிகுறி: நன்றாகச் சுற்றுகிறது, இழுக்கவில்லை

பத்துக்கு ஒன்பது பேர் மோட்டார் பலவீனம் என்று நினைப்பது இங்கேதான். பெரும்பாலும் காற்று வேறு வழியில் போய்க்கொண்டிருக்கும்.

உருளை வகையில் இப்படிப் பாருங்கள். ஹோஸ், குழாய் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, இயந்திரத்தின் வாயை உள்ளங்கையால் மூடுங்கள். கையை இறுகப் பிடித்து இழுத்தால் உள்ளே எல்லாம் நலம். அடுத்து ஹோஸை மாட்டி அதன் முனையை மூடுங்கள். இழுவை குறைந்தால் ஹோஸ் கசிகிறது. மூடும்போது மோட்டாரின் குரல் உயர வேண்டும். பலர் அதைக் கேட்டுப் பயந்து கையை எடுத்துவிடுகிறார்கள். மோட்டார் திணறுகிறது என்று எண்ணம். நடப்பது நேர் எதிர். காற்று நின்றுவிட்டால் விசிறிக்குத் தள்ள எதுவும் இல்லை. பளு குறைந்து வேகம் கூடுகிறது. குரல் உயராவிட்டால்தான் எங்கோ காற்று புகுந்துகொண்டிருக்கிறது என்று பொருள். ஆனாலும் நீண்ட நேரம் மூடிவைக்காதீர்கள். இந்த வகையில் மோட்டாரைக் குளிர்விப்பதே அந்தக் காற்றுதான்.

பின்னல் போட்ட பழைய ஹோஸ்களின் உள்ளே இருக்கும் ரப்பர் சுவர் வெடித்திருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. ஹோஸ் நெடுக மெல்லிய கைக்குட்டையை நகர்த்திக்கொண்டே போனால், கசியும் இடத்தில் துணி ஒட்டிக்கொள்ளும். கைக்குட்டைக்கு இந்தத் துறையில் நல்ல வம்சாவளி உண்டு. 1901இல் ஹியூபர்ட் செசில் பூத் என்ற பொறியாளர், லண்டன் உணவகம் ஒன்றில் நாற்காலி மேல் கைக்குட்டையை வைத்து வாயால் உறிஞ்சி, துணியில் படிந்த அழுக்கைப் பார்த்துத்தான் தூசியை ஊதுவதைவிட உறிஞ்சுவதே வழி என்று முடிவு கட்டினார். உங்கள் வாயை இந்த வேலைக்குப் பயன்படுத்த வேண்டாம். கிழிந்த ஹோஸுக்கு, மெல்லிய புதிய பிளாஸ்டிக் ஹோஸைப் பழைய பின்னலுக்குள் நுழைத்து இரு முனையிலும் ஒட்டுவது நான் செய்யும் வழி.

வாயிலேயே இழுவை இல்லையென்றால் பையைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்தைப் பாருங்கள். தட்டையாகி, பிளாஸ்டிக் மாதிரி இறுகியிருக்கும். அதே பருமனில், காற்று புகாத நுரை ரப்பர் நாடாவை வெட்டி ஒட்டலாம். எண்ணால் அளக்க ஆசையிருந்தால், தெளிவான பிளாஸ்டிக் குழாயை யு வடிவில் பலகையில் கட்டி, பாதிவரை நிறம் கலந்த தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை வாயை மூடிய ரப்பர் அடைப்பானில் செருகுங்கள். தண்ணீர் எவ்வளவு ஏறுகிறது என்று ஒவ்வொரு வேலைக்கும் முன்னும் பின்னும் குறித்துக்கொள்ளலாம். குழாய் ஆள் உயரம் இருக்கட்டும். குட்டையாக வைத்தால் தண்ணீர் மோட்டாருக்குள் போய்விடும். என்னுடைய இரண்டு கொலைகளில் இது சேராது, மயிரிழையில் தப்பியது.

நிமிர்ந்த வகைக்கு இந்தச் சோதனை பொருந்தாது. அதன் வலிமை நிறையக் காற்றை நகர்த்துவதில் இருக்கிறது. உயரத்துக்கு இழுப்பதில் இல்லை. அங்கே முதல் சந்தேகம் துணிப்பை. ஒஹாயோவின் கேண்டன் நகரில் கடை துப்புரவுப் பணியாளராக இருந்த ஜேம்ஸ் மரே ஸ்பாங்க்ளர், ஆஸ்துமாவோடு போராடியபடி உருவாக்கிய முதல் இயந்திரத்தில் பையாக இருந்தது ஒரு தலையணை உறை. 1908இல் அவர் வாங்கிய காப்புரிமைதான் டபிள்யூ.எச். ஹூவரின் கைக்குப் போய் நிறுவனமாயிற்று. அன்றுமுதல் விஷயம் மாறவில்லை: காற்று துணியின் கண்கள் வழியாகத்தான் வெளியேற வேண்டும். கண்கள் மாவுத்தூசியால் அடைபட்டால் இழுவை போச்சு. பையைத் தண்ணீரில் ஊறப்போடாதீர்கள். அச்சிட்ட எழுத்து கரைந்து ஓடும், துணி சுருங்கும். உட்புறத்தை வெளியே திருப்பி, இன்னொரு வாக்குவம் கிளீனரால் பொறுமையாக உறிஞ்சி எடுங்கள்.

பை சுத்தம், இழுவை இல்லை என்றால் விசிறியின் இதழ்களைப் பாருங்கள். மணலும் கல்லும் வருடக்கணக்கில் அடித்து நுனி தேய்ந்திருக்கும். ஓர் இதழ் உடைந்தும் இருக்கலாம். விசிறியைக் கழற்றும்போது கவனம்: சில இயந்திரங்களில் எதிர்மரை. வழக்கமான திசையில் முழு பலத்தோடு திருகினால் கழலாது, தண்டு முறியும்.

இன்னொரு காரணம் நாமே உண்டாக்குவது. மோட்டாரைப் பிரித்துப் பூட்டிய பிறகு அழகாகச் சுற்றுகிறது, பாதிதான் இழுக்கிறது. பிரஷ்களுக்குப் போகும் இரண்டு கம்பிகளை மாற்றிப் பூட்டிவிட்டீர்கள், மோட்டார் தலைகீழாகச் சுற்றுகிறது. இந்த வகை விசிறி எதிர்த்திசையில் சுற்றினாலும் காற்றை அதே பக்கம்தான் தள்ளும், ஆனால் சோம்பலாக. அதனால்தான் சட்டென்று பிடிபடுவதில்லை. நான் ஒரு முழு வாரம் ஹோஸைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். எதிர்த்திசையில் ஓடவிட்டால் விசிறியின் திருகும் தானாகக் கழன்றுவரும். கம்பியைத் தொடுவதற்கு முன் புகைப்படம் எடுத்துவிடுங்கள்.

1950களின் ஹூவர் கான்ஸ்டலேஷன் உருண்டைகள் தனி ரகம். வெளியேறும் காற்றின் மெத்தை மேல் அவை மிதந்து நகரும். 'மிதக்கவில்லை' என்று கொண்டுவந்தால் முதலில் பை நிறைந்திருக்கிறதா பாருங்கள், பிறகு இரண்டு அரைக்கோளங்கள் சேரும் ரப்பர் விளிம்பை. தடித்த கம்பளத்தின் மேல் மிதக்கவில்லை என்றால் அது கோளாறே இல்லை.

அறிகுறி: தரைத் தூரிகை சுற்றவில்லை, ரப்பர் கருகுகிறது

பெல்ட். வேறு எதையும் பார்க்காதீர்கள். விரலால் இழுத்துப் பார்த்தால் வெடிப்பு தெரியும். புதிதை மாட்டும்போது அது எந்தப் பக்கம் முறுக்கிக்கொள்கிறது என்பதுதான் முக்கியம். பல நிமிர்ந்த வகைகளில் மோட்டார் தண்டும் தூரிகை உருளையும் ஒன்றுக்கொன்று குறுக்காக இருப்பதால், பெல்ட் கால் திருப்பு திரும்பியே போக வேண்டும். தவறான பக்கம் திரும்பினால் உருளை எதிராகச் சுற்றி அழுக்கை உங்கள் காலடியில் வீசும். அடித்தட்டில் பொறித்திருக்கும் அம்புக்குறி அலங்காரத்துக்கு இல்லை.

புது பெல்ட்டும் உடனே கருகினால் உருளை தடைபடுகிறது. இரு முனைகளிலும் தலைமுடி சுற்றி இறுகியிருக்கும், வெட்டி எடுங்கள். 1926இல் ஹூவர் மாடல் 700 கொண்டுவந்த, கம்பளத்தைத் தட்டும் உலோகக் கம்பிகள் உள்ள உருளைகளில், தூரிகை மயிர் தேய்ந்துபோனால் கம்பிகள் மட்டும் தட்டிக்கொண்டிருக்கும். அழுக்கு மேலே வராது. அடித்தட்டின் குறுக்கே ஒரு அளவுகோலை வையுங்கள். மயிர் அதைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

அறிகுறி: சத்தம் மாறிவிட்டது

ஊளை என்றால் பேரிங் காய்ந்திருக்கிறது. கரகரப்பு என்றால் குண்டுகள் குழி விழுந்துவிட்டன. சீராக 'டிக் டிக்' என்றால் விசிறியில் ஏதோ தட்டுகிறது. முழு இயந்திரமும் நடுங்கினால் விசிறி இதழ் உடைந்து சமநிலை போய்விட்டது, அல்லது மோட்டாரைத் தாங்கும் ரப்பர் வளையம் கூழாகிவிட்டது. பேரிங்கின் வெளி வளையத்தில் எண் பொறித்திருக்கும். 608 என்றால் உள்துளை 8 மி.மீ., வெளிவிட்டம் 22, அகலம் 7. எந்தக் கடையிலும் கிடைக்கும். பழைய பிரிட்டிஷ், அமெரிக்க இயந்திரங்களில் அங்குல அளவு வரும். கிட்டத்தட்டப் பொருந்துகிறது என்று மி.மீ. பேரிங்கைத் தட்டி நுழைக்காதீர்கள். கழற்ற இழுப்பான் வாங்குங்கள். சுத்தியலால் தட்டிய தண்டு வளைந்தால் திரும்பி நேராகாது.

அறிகுறி: மெதுவாக ஓடுகிறது, அல்லது வெறிபிடித்து ஓடுகிறது

தகட்டைப் படித்தீர்கள் இல்லையா? அமெரிக்க இயந்திரம் 110 முதல் 120 வோல்ட்டுக்கானது. அதை இங்கே நேரே மாட்டினால் சில நொடி விமானம் போல இரையும், பிறகு புகை. நான் கொன்ற முதல் மோட்டார் அப்படித்தான் போனது. நல்ல கனமான ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், மோட்டாரின் வாட்டைவிட ஒன்றரை மடங்காவது தாங்குவதாக. பயணிகளுக்கு விற்கும் உள்ளங்கை அளவு பெட்டிகள் இதற்கு உதவாது. 60 சைக்கிளுக்கு (ஹெர்ட்ஸ்) செய்தது 50 சைக்கிளில் ஓடுமா என்ற கவலை வேண்டாம். இந்த வகை மோட்டாருக்கு அது பொருட்டே இல்லை, டிசியிலும் ஓடும். போருக்கு முந்தைய பிரிட்டனில் ஊருக்கு ஊர் மின்னழுத்தம் வேறு. சில பகுதிகளில் டிசி. அதனால் ஒரே மாடல் 200-220 தகட்டோடும் வரும், 230-250 தகட்டோடும் வரும். முதல் வகையை இன்றைய சுவர் மின்சாரத்தில் மணிக்கணக்கில் ஓட்டாதீர்கள். வேரியாக்கை 210இல் நிறுத்தி ஓட்டுங்கள்.

தகடு சரி, மின்னழுத்தம் சரி, ஆனாலும் மெதுவாக ஓடி, கையை வைக்க முடியாமல் சுடுகிறது, வார்னிஷ் கருகிய வாடை வருகிறது என்றால் ஆர்மேச்சரில் ஷார்ட். மேலே சொன்ன பட்டைச் சோதனைக்குத் திரும்புங்கள்.

அறிகுறி: வெளிறுகிறது, வெடிக்கிறது

பேக்கலைட் மூடி மங்கியிருந்தால் அடக்கமாகத் தொடுங்கள். அதன் மேலே பளபளக்கும் பிசின் படலம் மெல்லியது. அதற்குக் கீழே இருப்பது மரத்தூள் கலவை. படலத்தைத் தேய்த்தெடுத்துவிட்டால் என்ன மெழுகு பூசினாலும் பழைய ஆழம் வராது. ஈரத்துணி, கொஞ்சம் பாலிஷ் பசை, மேலே மெழுகு, அவ்வளவுதான். ஹென்றி டிரேஃபஸ் வடிவமைத்து 1936இல் வந்த ஹூவர் 150 போன்றவற்றில் மெக்னீசியக் கலவையும் உண்டு. எடை வியக்கும்படி குறைவாக இருக்கும் பாகத்தை மின் அரவையில் வைத்துப் பளபளப்பாக்க முயலாதீர்கள்; மெக்னீசியத் தூள் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாது. நிறுவனப் பெயர் அச்சான ஒட்டுப்படங்களில் ஸ்பிரிட் துணி பட்டால் ஒரே துடைப்பில் பெயர் போய்விடும்.

கடைசியாக, மருந்தில்லாத ஒன்று. அலமாரியில் யாரும் தொடாமலே ஒரு வார்ப்புப் பாகம் வலை வலையாக வெடித்து, ஓரம் வீங்கி, வளைந்துகொண்டே போகும். அந்தக் காலத்துத் துத்தநாக வார்ப்புகளில் ஈயம் கலந்திருந்தால் வரும் அரிப்பு அது. ஒட்டுப் பசை நிற்காது; பூச்சு காக்காது; விரலால் அழுத்தினால் பிஸ்கட் போல உதிரும். அந்தப் பாகத்தை அச்சாக வைத்து முப்பரிமாண அச்சில் புதிது செய்ய நினைத்தால், அதன் சொந்த அளவுகளை நம்பாதீர்கள். அது ஏற்கெனவே வளர்ந்திருக்கிறது. அதோடு பொருந்தும் எஃகுப் பாகத்தின் துளைகளை இன்றைக்கே அளந்து எழுதிவைத்து, அந்த அளவுக்குச் செய்யுங்கள். வீங்கியதைக் கழற்ற முடிகிறபோதே கழற்றிவிடுங்கள். அடுத்த குளிர்காலத்தில் அது தன்னைச் சுற்றியுள்ள பேக்கலைட்டையும் பிளந்திருக்கும்.